தாவாத பூனையும் நிற்காத மப்ளரும்

பூனை என்றால் விளையாடும் என்று எவன் சொன்னானோ, அவனை இன்றைக்கும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த பூனை கிழங்கு மூட்டைமேல் இன்னொரு மூட்டையாகக் கிடந்தது.

நாயுடுபுரத்தில் வாடகை ஜீப் ஓட்டும் மாமாதான் அதைக் கொண்டுவந்தார். கொடைக்கானலைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம் அதை அவர் தலையில் கட்டியிருந்தது. கூடவே ஒரு பை நிறைய விளையாட்டுச் சாமான்: இறகு கட்டிய குச்சி, மணி வைத்த பந்து, சாவி கொடுத்தால் ஓடும் ரப்பர் எலி. ஒன்பது வயதான எனக்கே அவ்வளவு பொம்மை கிடையாது.

விதைக்கு வைத்த உருளைக்கிழங்கை எலி கொறித்துக்கொண்டிருந்த மாதம் அது. அப்பா பூனையை ஏற இறங்கப் பார்த்தார். மாமாவை வைத்துக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஒரு தாவு தாவட்டும் மாப்ள. இல்லேன்னா ஒங்க ஜீப்புலயே திரும்பிப் போயிரட்டும்."

அப்பா சொன்ன பேச்சை மாற்றியதில்லை. மார்கழியில் கழுத்து மப்ளரைக் கழற்றியதுமில்லை. குளிக்கும்போது மட்டும் அது ஆணியில் தொங்கும்.

பூனையோ வந்த அன்றே என் கம்பளிக்குள் புகுந்து படுத்துவிட்டது. அதற்கப்புறம் நான் விடுவேனா? இறகுக் குச்சியால் அதன் மூக்கில் இடித்தேன். கண்ணை மூடிக்கொண்டது. பந்தை அதன் தலைக்கு நேராக உருட்டினேன். திரும்பிப் படுத்தது. ரப்பர் எலி அதன் வயிற்றில் மோதிச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க, கொட்டாவி விட்டது. கடைசியில் நானே நாலு காலில் தாவிக் காட்டினேன். அதை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பார்த்தது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "ஏண்டி, நீ அத வெளயாடக் கூப்புடுறியா, சண்டைக்குக் கூப்புடுறியா?"

புதன்கிழமை பொம்மைகளைச் சுவரில் எறிந்துவிட்டுக் கோபத்தில் அழுதேன். பூண்டைக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த அப்பா, திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

வியாழன் வெள்ளனே அவர் கிழங்கு அறைக்குப் போனார். மப்ளர் அவிழ்ந்து ஒரு முனை தரையில் இழுபட்டது. நான் ஓடிப்போய் அதைக் கழுத்தில் சுற்றிவிட்டு, பார்த்து நடக்கச் சொல்லித் திட்டவும் செய்தேன். திரும்பி வரும்போது மறுபடி அவிழ்ந்திருந்தது. இந்தத் தடவை முடிச்சே போட்டேன். அவர் இருமினார்.

மூன்றாம் முறை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்ததால் கட்ட ஆளில்லை. மப்ளர் முனை தரையில் ஊர்ந்து, ஒரு சாக்குக்குப் பின்னால் போய் மறைந்தது. பூனை பின்பக்கத்தை ஆட்டியது. தாவியது. அப்பா வேகமாக நடந்தார். அது மப்ளரை விடாமல் கூடவே இழுபட்டது. நான் வாய் நுரையோடு கூத்தாடினேன். அம்மா கரண்டியோடு வந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சனியன், மப்ளரக் கிழிச்சிருச்சு," என்றார் அப்பா. "சரி, கெடந்துட்டுப் போகட்டும்."

எலி பிடித்ததா என்று கேட்காதீர்கள். பூனை எங்களோடே தங்கிவிட்டது. அந்த மார்கழி முழுக்க அப்பாவின் மப்ளர் தினமும் வெள்ளனே அவிழ்ந்துகொண்டே இருந்தது. கழுத்தில் ஒழுங்காக நிற்கிற மப்ளர் ஒன்று வாங்கித் தொலையச் சொல்லி, நானும் தினமும் அவரோடு சண்டை போட்டேன்.