மாசிலாமணி சாரும் கரிய அரக்கர்களும்

இன்று ஐப்பசி பன்னிரண்டு, புதன்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயதும் ஐந்து மாதங்களும் ஆகின்றன. மாசிலாமணி சார் இறந்துவிட்டார்.

கச்சிராயபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே... என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய காலத்தில், பழைய இங்கிலீஷ் மாயாஜாலக் கதை ஒன்றைச் சிறுவர்களுக்காக மொழிபெயர்த்தேன். பறக்கும் தோணி, பேசும் ஆந்தை, காட்டிலிருந்து இறங்கி வரும் அரக்கர் கூட்டம்... அந்த வகை. அதிகம் விற்கவில்லை. வாங்கிய சிலரில் சாரும் ஒருவர்.

வெள்ளிக்கிழமைகளில் கடைசி பீரியடில் அதை வகுப்புக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சிறுமி ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள்.

மூன்றாவது வாரம் பையன்கள் அவளை அரக்கி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஐந்தாவது வாரம் அவள் இல்லை.

சார் இரண்டு முறை பஸ் ஏறி மலைக்குப் போய்க் கெஞ்சினார். அவள் வரவில்லை. அதன் பிறகுதான் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். 'கரிய' என்று வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு... விடைத்தாள் திருத்திப் பழகிய கை.

"இன்னா மேடம் இது? கெட்டவன் அத்தினி பேரும் கருப்புதானா? அந்த வெள்ளக்காரனுக்கு வேற கலரே தெரியாதா?"

"பழைய ஆள், சார். அந்தக் காலத்து புத்தி."

"அவன் புத்தி அவன் ஊர்லயே கெடக்கட்டுங்க. ஒரு புள்ள படிப்ப வுட்டுட்டு வூட்ல குந்திக்கினு இருக்குது. படிச்சுக் காட்டுனவன் நானு!"

காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

பிறகு அந்த எழுத்தாளரை அவர் விடவில்லை. கட்டுரைகள், ஓய்வுக்குப் பின் இங்கே முகநூலிலும். "கிளாசிக்கை அந்தக் காலத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்" என்று அவருக்குப் பாடம் எடுத்தவர்கள் சிலர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். நான் எந்தப் பக்கமும் லைக் போடவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு வாசகர் கூட்டம். சார் அந்த எழுத்தாளரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் எழுந்தார். "அந்த ஆளு செத்து எவ்ளோ வருசம் ஆச்சு! இன்னா சார், சமாதில போய் மெமோ ஒட்டப் போறீங்களா?"

அரங்கமே சிரித்தது. சார் மூன்றாவது வரிசையில் இருந்த என்னைக் கண்ணால் தேடிப் பிடித்தார்.

"மேடம் ஒரிஜினல் படிச்சவங்க. அவங்களயே கேளுங்க, சொல்லட்டும்."

இருப்பதைத்தான் மொழிபெயர்த்தேன் என்றேன்.

"கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு நன்றி சொல்வதுபோல் ஒரு தலையசைப்பு வேறு.

போன மாதம் கடைசியாகப் பேசினார். அந்தச் சிறுமியை, இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய், தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாராம்.

"நல்லா இருக்கீங்களா சார்னு சிரிச்சிக்கினே கேக்குது மேடம். எனக்குத்தான் மூஞ்சி குடுக்க முடியல. பஸ்சு வந்துடுச்சின்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன். பஸ்சே வரலீங்க."

நான் உம் கொட்டினேன். அவ்வளவுதான்.

போய் வாருங்கள், சார்.

இனி அவர் இதைப் படிக்கப் போவதில்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று யாருக்காவது தோன்றினால், சரிதான்.

மூலத்தில் அந்த அரக்கர்களுக்கு நிறமே சொல்லப்படவில்லை. உயரமானவர்கள், பசித்தவர்கள்... அவ்வளவே. 'கரிய' என்பதை ஒவ்வோர் இடத்திலும் சேர்த்தவள் நான். யோசித்துச் சேர்க்கவில்லை. அரக்கன் என்று எழுதும்போதெல்லாம் அதற்கு முன்னால் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் என் நிறமும் அதுதான்.

சார் என் வீட்டுக்கு வந்து போன அன்று மாலையே மூலத்தை எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கூட்டம் நடந்தது அதற்குப் பிறகு.