சொரண்டி பிடித்த எட்டு நாள்

ஓய்வு பெற்ற மனிதன் முதலில் வாயைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை. அறுபது வயதில் முட்டி போட்டுப் புல் பிடுங்கும்படி ஆனது அதனால்தான்.

தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டைக் காலி செய்துவிட்டு, வட்டவளைக்குக் கொஞ்சம் மேலே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம். அதன் பின்னால் எட்டுப் பேர்ச் நிலம் கிடக்கிறது. கிடக்கிறது என்றால் புல்லுக்குள் கிடக்கிறது. மேலே இடுப்பு உயரத்துக்கு மானாப்புல், அதன் அடியில் அறுகு, அதற்கும் அடியில் புளியாரை. அங்கே மரக்கறி போட வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. உடப்புசல்லாவையில் கோவாவும் லீக்ஸும் போடுகிற எங்கள் மருமகன் வந்து பார்த்துவிட்டு, இரண்டு ஆளை அனுப்புகிறேன் மாமா, இரண்டே நாளில் துப்புரவாக்கிவிடுவார்கள் என்றார். முப்பத்தொரு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து புல்லுவெட்டுப் பார்த்தவனுக்கு ஆள் எதற்கு, ஒரே வாரத்தில் நானே முடித்துக் காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

மருமகன் மரியாதைக்காரர், மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டு நாற்றைக் கொண்டுவந்து இஸ்தோப்புத் திண்ணையில் வரிசையாக வைத்தார். பத்து நாளுக்குள் மண்ணுக்குப் போக வேண்டும், அதற்கு மேல் போனால் தட்டிலேயே வெளுத்துவிடும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்த நாற்றுகளின் முகத்தில்தான் நான் விழிக்க வேண்டும்.

மருமகனிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. புல்லுவெட்டுப் பார்த்தேன் என்றால், பார்த்தேன். அவ்வளவுதான். குடையைப் பிடித்துக்கொண்டு நிரைக்கு மேலே நின்று பார்த்தேன். பெண்கள் குனிந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சொரண்டிக்கொண்டே போவார்கள், வேலை விட்ட பிறகு நான் போய்ச் சோதிப்பேன். வேர் நின்றால் அந்த நிரையைத் திருப்பிப் போடச் சொல்வேன். சொரண்டி என்கிற அந்த வளைந்த தகட்டை ஒரு நாளும் கையில் எடுத்தவனில்லை.

முதல் நாள் மானாப்புல்லைக் கத்தியால் வெட்டினேன். வெட்டினேன் என்று சொல்வது கௌரவத்துக்காக. புல்தான் என்னை வெட்டியது. இரண்டு புறங்கையிலும் கீறல். காலில் சவுக்காரம் பூசிக்கொண்டு போயும் அட்டைகள் ஏறின. பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது நான் உடுத்தியிருந்த சாரத்தைப் பார்த்த மனைவி, இரத்தம் எல்லாம் நிலத்துக்குப் பசளையா என்று கேட்டாள்.

இரண்டாம் நாள் சொரண்டியை எடுத்தேன். அன்றைக்குத்தான் உண்மையான எரிச்சல் ஆரம்பித்தது. என் கண்ணுக்கு முப்பத்தொரு வருஷ சர்வீஸ், கைக்கோ நேற்றுத்தான் பேர் பதிந்திருக்கிறது. பத்து நிரைக்கு அப்பால் ஒரு அறுகம் வேர் நின்றாலும் எனக்குத் தெரியும். ஆனபடியால் நான் விட்ட வேர்கள் எல்லாம் எனக்கே தெரிந்தன. ஒரு முழம் சொரண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நாலு இடத்தில் வேர். அந்த நாலையும் எடுக்கப் போனால் முன்னால் சொரண்டியதை என் முழங்காலே மிதித்து மண்ணுக்குள் திரும்ப நட்டுவிடும். இப்படி ஒருவன் வேலை செய்வதை மலையில் பார்த்திருந்தால் அன்றைக்கே ஏசி விரட்டியிருப்பேன். இப்போது யாரை ஏசுவது?

புளியாரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க அழகான செடி. மூன்று இலை, இளஞ்சிவப்பில் பூ. பிடித்து இழுத்தால் மறுபேச்சில்லாமல் கையோடு வந்துவிடும். வெற்றி என்று நினைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போவீர்கள். மண்ணுக்குள் அரிசி அரிசியாகக் கிழங்கை விட்டுவிட்டுத்தான் அது வந்திருக்கும். நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டாம் நாள் துப்புரவாக்கிய மூலையில் பச்சைப் பசேல் என்று நின்றது. ராத்திரி பெய்த மழையில் குளித்து முழுகிப் பளபளத்தது. சொரண்டியைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். பிறகு நானே இறங்கிப் போய்த் தேடி எடுத்துவந்தேன். மருமகன் அன்றைக்கென்று பார்த்துத் தொலைபேசியில் யாரோ மிஷின் வைத்துப் புல் வெட்டுகிற வீடியோவை அனுப்பியிருந்தார். நான் பதில் போடவில்லை.

ஐந்தாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. நிலத்தில் கால்வாசிகூட முடியவில்லை. ஒரு தட்டில் கோவா நாற்றின் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. மேல் லயத்து வரிசை வீடுகளில் வேலையை விட்டு நிற்கிற பெண்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள், வீட்டுத் தோட்டங்களுக்குப் புல்லுவெட்டப் போகிறவர்கள், கூப்பிட்டுப் பார்க்கவா என்று மனைவி கேட்டாள். எல்லாரும் ஒரு காலத்தில் என் கீழே வேலை செய்தவர்கள். வேண்டாம் என்றேன். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் இன்னொரு தடவை கேட்டபோது, சரி, கேட்டுப் பார் என்றேன்.

போனவள் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டாள். ஒருத்திக்கு முழங்கால் வலியாம். இன்னொருத்தி பூண்டுலோயாவுக்குக் கல்யாணத்துக்குப் போகிறாளாம். மற்றவளுக்கு மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இதே ஆட்கள் போன வாரம்தான் சந்திக்கடை முதலாளியின் நிலத்தைத் துப்புரவாக்கினார்கள், எனக்குத் தெரியாதா? உண்மையைச் சொல் என்றேன். அவங்களுக்கு வரப் பிடிக்கலைங்க, வேற என்ன சொல்றது என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் யாரையும் கெட்ட வார்த்தை பேசியவனில்லை. யார் மீதும் கை வைத்தவனில்லை. குடித்துவிட்டு மலைக்குப் போனவனில்லை. வேலை துப்புரவாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அது ஒரு குற்றமா? ஏழாம் நம்பர் மலையைப் பார்த்துவிட்டு, தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று தோட்டத்துத் துரை சொன்னது யாரால்? இதையெல்லாம் நான் சமையலறை வாசலில் நின்று உரக்கச் சொன்னேன். மனைவி போஞ்சி முறித்துக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கிய போஞ்சி.

எட்டாம் நாள் பின்னேரம். நாற்றுக்கு இன்னும் இரண்டு நாள்தான். தூறலில் முட்டி போட்டுச் சொரண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் நிலத்துக்கு மேலே லயத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை உண்டு. யாரோ நிற்கிற மாதிரி இருக்கவே நிமிர்ந்தேன். முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பியவள்தான், டவுனுக்குப் போய்விட்டுச் சாமான் பையோடு அந்த ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். என் நிரைகளில் இருபது வருஷம் வேலை செய்தவள். அவளை நான் ஒரு நாளும் 'புள்ள' என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு, "வாங்கம்மா, ஒரு கை குடுத்தா நாளைக்கு முடிஞ்சிரும்" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் பையைக் கீழே வைத்தாள். ஆனால் இறங்கி வரவில்லை.

"ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்லீங்கய்யா. ஆனா ஒங்க முன்னால குனிஞ்சு புல்லு வெட்ட என்னால ஏலாது" என்றாள்.

பிறகு, ஊர்க்கதை சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். ஏழாம் நம்பர் மலை. இதே மாதிரித் தூறல். அவளுடைய நிரையை நான் மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னேனாம். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவள் முடித்துவிட்டு ஓடிப்போனபோது தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா பூட்டியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா, தாய் வந்துவிடுவாள் என்று படியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாள். படியில் பிள்ளை இல்லை. இரண்டு வயசு. கான் வாய்க்கால் ஓரமாகத் தேடிக்கொண்டே போய், தண்ணீர் ஓடுகிற கானுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், தேயிலைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டெடுத்தாளாம்.

"ஒண்ணும் ஆகல. இப்ப கொழும்புல கடையில நிக்கிறான், பெரிய ஆளு. ஆனா அன்னைக்கு நான் ஓடுன ஓட்டம் இருக்கே, அது இன்னும் நிக்கலீங்கய்யா."

எந்த வருஷம் என்று கேட்டேன். அவள் சொன்னாள். எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த வருஷத்தில் ஏழாம் நம்பரில் எத்தனை ஆள் நின்றார்கள், எந்தப் பக்கம் மண் சரிந்தது என்றுகூட ஞாபகம் வந்தது. அந்தப் பின்னேரம் மட்டும் வரவில்லை. ஞாபகமில்லை என்றே சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்.

"ஒங்களுக்கு எப்பிடிங்க இருக்கும்? ஒங்களுக்கு அது தெனமும் நடக்குறதுதானே" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள். நாலு எட்டு வைத்தவள் நின்று, சொரண்டியை அப்படி இறுக்கிப் பிடிக்காதீர்கள், உள்ளங்கை கொப்பளிக்கும், மணிக்கட்டைத் தளர விட்டு இழுங்கள் என்றாள். வேலை தெரிந்தவளுக்குப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியவில்லை போலிருக்கிறது. பிறகு ஏறிப் போய்விட்டாள்.

வெட்கமாக இருந்தது. எரிச்சலும் போகவில்லை, அதுதான் கேவலம். இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு பக்கம் மனம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

மழை வலுத்ததும் எழுந்து வந்து பின்வாசலில் கால் கழுவினேன். மனைவி உள்ளே அடுப்படியில் நின்றாள். பிள்ளைக் காம்பராவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று அவளிடம் கேட்டேன். அந்தத் தோட்டத்தில் எந்த மலையில் எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு கவ்வாத்து வெட்டியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்வேன். இது தெரியவில்லை. இவள் மலையில் ஒரு நாளும் வேலை செய்தவள்கூட இல்லை.

"அஞ்சு மணிக்கு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "எல்லாருக்கும் தெரியுமே."

நாலரைக்கு வேலை விடும். அதற்குப் பிறகுதான் நான் நிரைகளைச் சோதிக்கத் தொடங்குவேன்.