ஈய முத்திரையை அறுத்த ஞாயிற்றுக்கிழமை

2025 ஜனவரி 19, ஞாயிறு, காலை ஏழு மணி இருபது நிமிஷம். மேகமில்லை. ஆற்றுப் பக்கம் லேசான பனி. வாசல் சுவரில் நான் மாட்டியிருக்கும் வெப்பமானி 23 காட்டியது. கரமனையில் எங்கள் தெரு முனையில் மகளின் லாரிக்குப் பின்னால் மூன்று டீசல் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. நாலு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இறங்கியவர்கள் மூன்று பேர். நான் நாலு பேருக்கு இட்லி சொல்லிவைத்திருந்தேன். அன்றைய குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

லாரி என்று நாங்கள் சொல்வது ஒரு சின்ன சரக்கு வண்டியை. வயது இருபத்தெட்டு. என் மகள் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறாள். மாப்பிள்ளை தவறிப்போன பிறகு அவர் நடத்திவந்த தொழிலையும் இந்த வண்டியையும் அவள் ஏற்றுக்கொண்டாள். உருளிகளும் அடுப்புகளும் இதில்தான் போகின்றன. அவளும் அவளுடைய ஏழு ஆட்களும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். வண்டியின் தகுதிச் சான்றிதழ் செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை பரிசோதனை. அதற்குமுன் புகை பார்க்கப் போன வெள்ளிக்கிழமை, மீட்டர் 84 காட்டியது. 65-ஐத் தாண்டக் கூடாதாம். வொர்க்‌ஷாப்பில் கேட்டால், டீசல் பம்பைக் கழற்றி வெளியே அனுப்ப வேண்டும், எட்டு நாள் ஆகும் என்றார்கள். வியாழக்கிழமை வித்துராவுக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவில் அறுபதாம் கல்யாணம், இருநூற்றைம்பது இலை. முன்பணம் வாங்கியாயிற்று. வண்டி நின்றுபோனால் தொழிலையே விட்டுவிட்டு, பெங்களூரில் இருக்கும் தன் பிள்ளையிடம் போய்விடுவதாக மகள் சொன்னாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

இந்த மூன்று பேரும் மெக்கானிக்குகள் அல்லர். அவர்களில் மூத்தவர் என் பல் டாக்டர். சனிக்கிழமை நான் அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது, வாசலில் யாருடைய வண்டியோ புகைவிட்டது. அதை வைத்துப் பேச்சைத் தொடங்கினார். லாரி புகைச் சோதனையில் தோற்றதை நான் அதற்கு முந்தைய நிமிஷம்தான் சொல்லியிருந்தேன். என் வாயில் இரண்டு பஞ்சுருண்டையும் ஒரு கண்ணாடியும் இருக்க, "அப்போ நாளை ராவிலே ஞங்கள் வராம், சாமி" என்றார் மலையாளத்தில். காலையில் வருகிறார்களாம். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாத நிலை.

பழைய டீசல் வண்டிகளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகக் கூடி, பம்பைத் திருகி, சத்தம் கேட்டுச் சந்தோஷப்படுகிற கூட்டம் ஒன்று இந்த ஊரில் இருப்பது எனக்கு எழுபத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. டாக்டரோடு வந்தவர்களில் ஒருவர் களியக்காவிளைக்காரர். சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுகிறவர், ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். மற்றவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். முப்பது வயதிருக்கும், சாலைத் தெரு பக்கத்துத் தமிழ்க் குடும்பம்.

மகள் அன்று நாகர்கோவிலில் ஒரு நிச்சயதார்த்தச் சமையலில் இருந்தாள். ஆகவே பொறுப்பு என்னுடையது.

அந்தப் பெண் முதலில் தன் போனில் ஒரு படம் காட்டினாள். அவளுடைய பிக்கப் வண்டி, கறுப்பாக, பனைமர உயரத்துக்குப் புகை கக்கிக்கொண்டு மேடேறுகிறது. பின்னால் நாலைந்து பேர் கைதட்டுகிறார்கள்.

"எப்படி இருக்கு அங்கிள்? நானே டியூன் பண்ணியதாக்கும்."

"புகை நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன்.

"இது வேற புகை அங்கிள்."

"எங்க வண்டிப் புகை?"

"அது சோகப் புகை," என்று களியக்காவிளைக்காரர் குறுக்கே விழுந்தார். மூவரும் சிரித்தார்கள். புகை குறைய வேண்டும் என்பதற்காக, புகையைக் கொண்டாடுகிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏழு நாற்பதுக்கு பானெட்டைத் திறந்தார்கள். டாக்டர் கைவிளக்கை அடித்துக் குனிந்தார். உள்ளே எங்கேயோ பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்டெ ஈஸ்வரா," என்றார் மெதுவாக. "சீல்!"

மற்ற இருவரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பம்பின் பின்பக்கத்தில் ஒரு திருகாணி. அதன் தலையைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் முனையில் கொத்துமல்லி விதை அளவில் ஒரு ஈயக் குண்டு. அவ்வளவுதான்.

"கம்பனியில இட்ட சீலாணு சாமி. இருபத்தெட்டு வருஷம் ஆரும் தொட்டிட்டில்லா!" கம்பெனி போட்ட முத்திரையை இத்தனை வருஷமாக ஒருவரும் தொடவில்லையாம்.

அந்தப் பெண் பதினாலு போட்டோ எடுத்தாள். களியக்காவிளைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் குண்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். டீசலை எவ்வளவு விட வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தத் திருகாணிதானாம். உள்ளே திருகினால் டீசல் கூடும், புகை கூடும், பலம் கூடும். வெளியே திருகினால் மூன்றும் குறையும். இந்த மாதிரி பழைய வண்டி எதை வாங்கினாலும், முன்பே யாராவது முத்திரையை அறுத்துத் திருகியிருப்பார்களாம். அறுக்காததை இவர்களில் ஒருவரும் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

இதன்பின் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை புரியாதது. டியூன் செய்ய வந்தவர்கள் டியூன் செய்ய மாட்டோம் என்றார்கள்.

"இத அறுக்கற கை என்னுதா இருக்க வேண்டாம்," என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் தன் வீட்டில் இதேபோல வேறொரு பம்ப் இருப்பதாகவும், அதை இதில் மாட்டிவிட்டு இதைத் தான் பத்திரமாக எடுத்துப் போவதாகவும் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்தது. "எதுக்கு எடுத்துண்டு போறேள்? எங்க வைப்பேள்?" என்றேன்.

"ஷோகேஸில்."

"டாக்டரே," என்றார் களியக்காவிளைக்காரர், "அவரு வண்டிக்கி நாளைக்கி டெஸ்டு. பம்பு மாத்த நேரம் ஏது? அவரு மக சோறு பொங்கப் போவணும். நீரு ஈயத்த ஷோகேஸ்ல வெச்சி மெழுகுதிரி கொளுத்தவா போறீரு?"

"அப்ப நீ அறுக்கு."

"நான் அறுக்க மாட்டேன். எனக்கும் மனசு கேக்காதுல்லா."

இப்படியே ஒரு மணி பத்து நிமிஷம். நடுவில் இட்லி சாப்பிட்டார்கள். பம்பைக் கழற்றாமல், முத்திரையை அறுக்காமல், ஏர் ஃபில்டரை மாற்றிப் பார்த்தார்கள். புகை இம்மியும் குறையவில்லை. கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சாமியாணு வண்டிக்காரர். சாமி சொல்லணும்."

நான் மகளுக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

"அத அறுத்தா புகை நிக்குமான்னு கேளுங்கோப்பா."

கேட்டேன். நிற்கும் என்றார்கள். ஆனால் இழுவை கொஞ்சம் குறையும்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்றேன்.

"கொஞ்சமே உள்ளு," என்றார் டாக்டர். "ஓட்டறவருக்கே தெரியாது," என்றாள் பெண். "லோடப் பொறுத்து, ஐயா," என்றார் களியக்காவிளைக்காரர். ஒரே கேள்வி, மூன்று பதில், ஒன்றிலும் எண் இல்லை. மகள் அவசரப்பட்டாள். "நீங்களே பாத்து சொல்லிடுங்கோப்பா, சாம்பார் பொங்கறது," என்று வைத்துவிட்டாள்.

"அறுங்கோ," என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. டாக்டர் தன் பையிலிருந்து, பல்லுக்குக் கம்பி கட்டும்போது உபயோகிக்கும் சின்னக் குறடு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கடைசியில் அறுத்தது நான்தான். டக் என்று ஒரு சத்தம்கூட வரவில்லை. ஈயக் குண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. டாக்டர் அதை வாங்கிப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் ஏதோ தப்புச் செய்தவன்போல நின்றேன்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. திருகாணி முதலில் இருந்த இடத்தில் அந்தப் பெண் தன் கைப்பையிலிருந்த நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டு வைத்தாள். ஒரு வெள்ளைத் துணி கேட்டார்கள். என் பழைய வேஷ்டி ஒன்றைக் கொடுத்தேன். அதை நனைத்து, சைலன்சர் வாய்க்கு முன்னால் டாக்டர் பிடிக்க, பெண் வண்டியில் ஏறி ஆக்ஸிலரேட்டரை மூன்று தடவை அழுத்த, துணியில் ஒரு கறுப்பு வட்டம் விழும். களியக்காவிளைக்காரர் அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, திருகுவார். துணியை நகர்த்தி மறுபடியும் மூன்று தடவை. வட்டங்களுக்கு நான் பேனாவால் எண் போட்டேன். அன்று எனக்குப் புரிந்த ஒரே காரியம் அது.

மூன்றாவது வட்டத்தின்போது எதிர்வீட்டு மாமி மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா இது, தெருவையே ஹோமகுண்டமா ஆக்கிண்டிருக்கேள்! என் கொத்தவரை வத்தலெல்லாம் கரியாப் போறது!"

"புகையக் கொறைக்கறோம் மாமி," என்றேன்.

"நன்னாக் கொறைக்கறேள்!"

வெளியே அரைக்கால் அரைக்காலாக ஐந்து தடவை. அதில் எஞ்சின் நடுங்கவே, உள்ளே இரண்டு தடவை. ஆக மீதி மூன்று அரைக்கால், அதாவது காலே அரைக்கால் சுற்று வெளியே. நான் சொன்னதை டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அரைச் சுற்று என்றார். பெண் நகச்சாயக் கோட்டைப் பார்த்துக் கால் சுற்று என்றாள். கண்ணெதிரே நடந்ததற்கு மூன்று கணக்கு. கடைசி, எட்டாவது வட்டம் சாம்பல் நிறத்தில், சந்தனம் கலைந்த மாதிரி மங்கலாக இருந்தது. எல்லாரும் கைகுலுக்கினார்கள். பதினொன்று ஐந்துக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை மீட்டர் 39 காட்டியது. சான்றிதழ் கிடைத்தது. மகள் பரிசோதனை மைதானத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல வருஷங்களாக அவள் அப்படிச் செய்ததில்லை. இனி பெங்களூர்ப் பேச்சு இல்லை என்று நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பாத்திரங்களையும் அடுப்புகளையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நானும் மகளும் முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில். நெடுமங்காடுவரை ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் மேடு வர வர, வண்டி தயங்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. வித்துரா சந்தையைக் கடந்து எஸ்டேட் பாதையில் இரண்டாவது வளைவில், முதல் கியரில், வண்டி நின்றேவிட்டது. எஞ்சின் ஓடுகிறது. புகையில்லை. சக்கரம் மட்டும் நகரவில்லை. டிரைவர் இறங்கிக் கல் வைத்தான். மணி நாலு நாற்பது. மறுநாள் பத்தரைக்கு இலை போட வேண்டும்.

மகள் இறங்கி மேலே போகும் பாதையைப் பார்த்தாள்.

"அப்பா, இழுவை கொறையும்னு அவா சொன்னாளா இல்லையா?"

"சொன்னா. எவ்வளவுன்னு சொல்லலை."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். கொஞ்சம்னா."

அவள் சிரித்தாளா, அழப்போனாளா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தைக்கு ஆள் அனுப்பினாள். இரண்டு ஜீப்புகள் வந்தன. கூலிக்கு மூன்று பேர். உருளிகளை இறக்கி, ஏற்றி, இரண்டு ஜீப்பும் இரண்டிரண்டு நடை. ஆறரைக்குள் எல்லாம் மேலே போய்விட்டது. காலி லாரி ஒரு முனகல்கூட இல்லாமல் தானே ஏறி வந்தது. மறுநாள் இருநூற்று அறுபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்களை நான் எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன்.

நான் போனில் சொன்னதைக் கேட்டு, மூன்று பேரும் சனிக்கிழமையே வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். டாக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அரைக்கால் உள்ளே இட்டால் மலை கேறும், சாமி. அடுத்த டெஸ்ட்டுக்கு முன்பு திரும்ப வெளியே எடுக்கலாம்."

அப்படியானால் சான்றிதழ் எந்த வண்டிக்கு, மலையேறும் வண்டி எது என்று நான் கேட்டேன். அந்தப் பெண், "அங்கிள் சொல்றதும் சரிதான்," என்று டாக்டரைப் பார்த்தாள்.

மகள் கையில் கரண்டியோடு உள்ளேயிருந்து வந்தாள். "ஒருத்தரும் அதத் தொட வேண்டாம். வருஷத்துல மலைக் கல்யாணம் ரெண்டோ மூணோ. அதுக்கு ஜீப் வெச்சுக்கறேன். வண்டி ரோட்டுல ஓடறதே, அது போறும்."

"அப்போ பம்ப்?" என்றார் டாக்டர், ஏதோ நோயாளியைப் பற்றி விசாரிப்பதுபோல.

"அது இருக்கற மாதிரி இருக்கட்டும். காபி சாப்பிடறேளா?"

சாப்பிட்டார்கள். பிறகு அவள் என்னிடம் தனியாக, "இந்தத் தடவை ஜீப் செலவு உங்களோடதுப்பா. நீங்கதானே அறுத்தேள்," என்றாள். நான் மறுக்கவில்லை. சரியாகத்தான் அறுத்தேனா, தவறாக அறுத்தேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. வண்டி ஓடுகிறது, மகள் இங்கே இருக்கிறாள், வண்டி மலை ஏறாது. ஜீப் நாலு நடைக்கு மூவாயிரத்து அறுநூறு, கூலி அறுநூறு, ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்குச் சொல்லி மூன்று பேர் சாப்பிட்ட இட்லி, வடை, காபி நானூற்றுப் பன்னிரண்டு. ஆக மொத்தம் ரூபாய் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.