வெள்ளையாக வந்த அறிவிப்பு

கடலில் நச்சுப்பாசி பெருகும் சிவப்பலை மாதங்களில் சிலோயே தீவுகளில் மட்டி தின்னலாமா என்று எர்னா நாவெல்கின்தான் எங்களுக்குச் சொல்வாள். நஞ்சேறிய மட்டிக்கு நிறமில்லை, வாடையில்லை. வேகவைத்தாலும் நஞ்சு போகாது.

மட்டி எடுப்போர் கூட்டுறவில் அவளுக்கு வேலை. அறிவிப்பை இரண்டு கோப்புகளாக வைத்திருந்தாள். எக்ஸ்எம்எல் என்ற தரவுக் கோப்பில் கடற்கரைகளின் பெயரும் நிலையும் மட்டும் இருக்கும். ஸ்டைல்ஷீட் என்ற இன்னொரு கோப்பைப் படித்து, மட்டி எடுக்கத் தடை போட்டு மூடிய கரைகளைப் பிரவுசர் சிவப்பில் மேலே நிறுத்தும். இணையம் எட்டாத எங்கள் தீவுக்கு இரண்டையும் பென்டிரைவில் போட்டு என் படகில் அனுப்புவாள்.

அந்த மார்ச்சில் பள்ளிக் கணினிக்குப் புது பிரவுசர் வந்தது. அறிவிப்பைத் திறந்தோம். வெறும் வெள்ளை.

பக்கத்தில் நின்ற எங்கள் ஊர் தோலிந்தோர் கார்காமோ கைதட்டினான். மறுநாள் அவன் மரவீட்டை, எங்கள் தீவு வழக்கப்படி, அப்படியே பெயர்த்து வேறிடத்துக்கு இழுக்க ஊரே வருகிறது. வருகிறவர்களுக்குச் சுட்ட கற்கள் போட்ட குழியில் மட்டி வேகவைத்துப் போட வேண்டும்.

"பாத்தியா? ஒரு சிவப்புகூட இல்ல. எல்லாக் கரையும் தொறந்தாச்சு!"

சிவப்பு இல்லையென்றால் தடையில்லை. நாங்கள் அப்படித்தான் பழகியிருந்தோம். அவன் மட்டி எடுக்கக் கூடையோடு கரையில் இறங்கிவிட்டான். எனக்கு மனசு ஒப்பவில்லை. படகு ரேடியோவில் எர்னாவைக் கூப்பிட்டேன்; மரியாதைக்கு அவளைத் தோன்யா என்போம்.

"தோன்யா எர்னா, பக்கம் வெள்ளையா இருக்கே. கடல் சுத்தமாயிடுச்சா?"

"வெள்ளையாவா? உங்க கரைய மூடிட்டாங்கப்பா! யாராவது இறங்கியிருக்காங்களா?"

"தோலிந்தோர்."

"அவன்கிட்ட குடு."

கரையோரம் ஓட்டிப்போய் அவனைப் படகில் ஏற்றி ரேடியோவைக் கொடுத்தேன். கூடை பாதி நிறைந்திருந்தது.

"என் விருந்தக் கெடுக்காத தோன்யா. மட்டி இல்லாத விருந்துக்கு எவன் வருவான்?"

"போடு, தாராளமா போடு. உன் வீடு போய்ச் சேந்துடும். இழுத்தவங்களும் போய்ச் சேந்துடுவாங்க."

திட்டிக்கொண்டே கூடையைக் கடலில் கவிழ்த்தான். மறுநாள் குழியில் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும்தான்.

அடுத்த வாரம் எர்னா தானே வந்து பள்ளிக் கணினிமுன் உட்கார்ந்தாள். இணையத்திலிருந்து வராமல் பென்டிரைவிலிருந்து நேராகத் திறக்கும் கோப்புக்கு அவளுடைய ஸ்டைல்ஷீட்டைப் போட இந்த பிரவுசர் மறுக்கிறது என்று கண்டாள். யாரையும் குறை சொல்லவில்லை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு நிறமும் எழுத்தளவும் மட்டும் சொல்லும் சிஎஸ்எஸ் என்ற எளிய ஸ்டைல்ஷீட் ஒன்றை எழுதினாள். அதற்கு வரிசை மாற்றத் தெரியாது. அதனால் மூடிய கரைகளைக் கோப்பிலேயே முதலில் வைத்து, தடையைச் சொல்லாகவும் எழுதினாள். சிவப்பு நன்றாக வந்தது.

நான் எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. இதுவும் வேலை செய்யாமல் போனால் என்ன தெரியும் என்று பார்க்க, அந்த ஸ்டைல்ஷீட்டையும் வேண்டுமென்றே அழித்துவிட்டுத் திறந்தாள். நிறம் போயிற்று, வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடின. ஆனாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் 'தடை, மட்டி எடுக்காதீர்' என்று நின்றது.

தோலிந்தோரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அசிங்கமா இருக்கு தோன்யா."

"படிக்க முடியுதா?"

"முடியுது."

"அது போதும்."

மற்ற தீவுகளில் என்ன பிரவுசர் இருக்கிறதோ என்று சொல்லிக்கொண்டே படகில் ஏறினாள்.