ஹஃபீத் மலையடியில் மூன்று அடுப்புக்கல்

ஜனவரி, ஞாயிறு, காலை 6.10. துபாய் சத்வாவில் நான் துணி தைக்கும் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார் சேவியர். குளச்சல்காரர், ஏசி மெக்கானிக், பழைய ரூம்மேட். வியாழக்கிழமை நான் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்புகிறேன். அதற்குள் அல் ஐன் தாண்டி ஹஃபீத் மலையடிவாரத்தில் ஒரு காரியத்தை முடித்தே தீர வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ரூம் ஆட்கள் பன்னிரண்டு பேர் அங்கே பிக்னிக் போனோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. வட்டமான கற்குவியல் ஒன்றின் மறைவில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டினோம். அடுப்புக்கு மூன்று கல்லை அந்தக் குவியலிலிருந்தே உருவியவன் நான். பிரியாணி அருமையாக வந்தது, அதையும் மறைப்பானேன்! போன மாதம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதே மலை, அதே குவியல்கள். ஐயாயிரம் வருஷத்துச் சமாதிகளாம். அந்தக் கற்களை இருந்த இடத்தில் வைக்காமல் விமானம் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அல் ஐன் நூற்று நாற்பது கிலோமீட்டர். கல்லெடுத்ததை எவன் பார்த்தான், பேசாமல் ஊர் போய்ப் பிள்ளைகுட்டியைப் பார்க்கக் கூடாதா என்று வழியெல்லாம் சேவியர் கிண்டலடித்தார். நான் பார்த்தேனே என்றேன். அதற்குப் பிறகு அவர் பாட்டுப் போட்டுவிட்டார்.

8.20. மரமில்லாத பழுப்பு மேடு. சமாதிகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சாந்தே கிடையாது. கல்மேல் கல் அடுக்கி மேலே குறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். சிலவற்றை இப்போது எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் மறைவில் சமைத்த குவியல் சரிந்தபடியே கிடந்தது. பக்கத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். அதன் அடிப்பக்கம் கரி பிடித்திருந்தது. மற்ற இரண்டும் அருகிலேயே கிடைத்தன, ஒன்று சூட்டில் பிளந்திருந்தது.

ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு குவியலை நெருங்கினேன். காவலாளி, வயதான பலுசிஸ்தான்காரர், கத்திக்கொண்டே வந்தார். தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. இந்தக் கல் குவியலில் எந்த இடத்தில் இருந்தது என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் வைக்காதே, தப்பான இடத்தில் வைப்பது இன்னொரு தப்பு, இப்போது கிடந்த இடத்திலேயே போடு என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தையற்காரனுக்குப் பிரித்ததைத் திரும்பத் தைத்துத்தான் பழக்கம். ஆனால் அவர் சொன்னதில் என்ன குறை?

"வந்தாச்சுல்லா ஓய்," என்றார் சேவியர். கிண்டல் இல்லை. "ஒரு வார்த்த சொல்லிட்டு வாரும்."

செருப்பைக் கழற்றினேன். சமாதிக்குள் இருந்தவர் ஆணா பெண்ணா, என்ன முறை வைத்துக் கூப்பிடுவது, ஒன்றும் தெரியவில்லை.

"தெரியாம செஞ்சுட்டேங்க," என்றேன். "சரி பண்ணத்தான் வந்தேன். முடியல."

அடுப்பருகே அது கிடந்த பள்ளத்திலேயே கல்லைத் திரும்ப வைத்தேன், கரிப்பக்கம் மேலே இருக்கும்படி. இனி யார் வந்தாலும் நான் செய்தது தெரியட்டும்.