சர்வர் அண்ணாச்சி விட்ட வழி

சர்வர் அண்ணாச்சி, போயிட்டீயளே!

ஹார்பர்ல கம்ப்யூட்டர் சர்வர் ரூம பாத்துக்கிட்டவரு, எல்லாரும் அவர அப்படித்தான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆளு, கீபோர்ட தொடுமுன்ன செருப்ப கழட்டிருவாரு. ஒருநா கன்டெய்னர் யார்டு கம்ப்யூட்டர்ல புழுன்னு ஒரு வைரஸ் ஒவ்வொண்ணா பரவுது. "நெட்ட முழுசா பிடுங்கும்"னு மேனேஜர் கத்துதாரு. நெட்டு இல்லன்னா கேட் பாஸ் வராது, என் லாரில இருக்க எறா லோடு கப்பல தவற விட்டுரும்.

"மொத லோடு அண்ணாச்சி"ன்னு அழுதுட்டேன்.

"ஏலே, அழாத. புழு வார வழிய மட்டும் ஃபயர்வால்ல அடைக்கேன். ஒன் பாஸ் வார வழி தெறந்து கெடக்கும்."

"புழு மறுபடி வந்தா?"ன்னாரு மேனேஜர்.

"என்னய வேலைய விட்டு அனுப்பிரும்."

புழு வரல. எறா கப்பலேறிட்டு.

போன வாரம் நெஞ்சுவலில போயிட்டாரு. இப்ப அந்த ரூமுக்குள்ள மேனேஜரே செருப்ப கழட்டிட்டுத்தான் போறாரு. அண்ணாச்சியோட சொந்தப் பேரு எனக்குத் தெரியாது. சர்வர் அண்ணாச்சின்னு சொல்லியே எல்லாரும் ஜெபம் பண்ணுங்க.