வவுனியாவில் தைத்த சூட்டுச் சட்டை

1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆந் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடத்துக்கு நான் குளிர் பற்றிய நிபுணராக நியமிக்கப்பட்டேன். அப்போது வவுனியாக் கடைத்தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் பயிலும் நான், நீண்ட விடுமுறையில் நெளுக்குளத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். செல்லத்துரை ஐயாவின் பற்றரிக் கடைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டதால், தந்தையாரின் சம்மதத்துடன் அங்கே வேலைக்குப் போனேன். பற்றரி சார்ஜ் செய்வதும் மோட்டருக்குச் சுருள் சுற்றுவதும் அந்தக் கடையின் தொழில். இனி வரும் விடுமுறைகளில் இப்படி வேலைக்குப் போக எண்ணும் தங்கைமாருக்குப் பயன்படலாம் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. நியமனம்

நான் கதிரையில் அமர்ந்து ஐந்து நிமிடமாகவில்லை. உள்ளே ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், றெயில்வேயில் கார்ட் வேலை, பெயர் வைத்திலிங்கம்.

"பிள்ளை, நீர் மலைநாட்டிலைதானே படிக்கிறீர்?" என்று செல்லத்துரை ஐயா கேட்டார்.

"ஓம் ஐயா. பேராதனையில்."

"அப்ப குளிர் தெரியும். கார்ட் ஐயா, உங்கடை அலுவல் முடிஞ்சுது. என்னட்டைக் கறண்ட் இருக்கு, பக்கத்திலை ஹனீபா நானாவிட்டைத் தையல் மெசின் இருக்கு, இந்தப் பிள்ளையிட்டைக் குளிர் இருக்கு."

பேராதனை அப்படியொன்றும் குளிரான இடமல்ல. அங்கே நான் போர்த்தும் கம்பளிச் சால்வை பெரும்பாலும் அழகுக்கானது. இதைச் சொல்ல வாய் திறந்தேன். இருவரும் என்னை மரியாதையுடன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். இந்தக் குறிப்பில் வரும் பிழைகளுள் முதலாவது அதுதான்.

கார்ட் தம்முடைய சிக்கலைச் சொன்னார். சென்ற தை மாதம் அவரை மலைப்பாதை றெயிலுக்கு மாற்றியிருந்தார்கள். கார்ட் ஒவ்வொரு நிலையத்திலும் றெயில் வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நானுஓயாக் குளிரில் அவருடைய விரல்கள் விறைத்துவிட்டன.

"நாலரை எண்டு நான் எழுதினதை அவங்கள் ஒன்பதரை எண்டு வாசிச்சுப்போட்டாங்கள். அஞ்சு மணித்தியாலம் றெயிலை எங்கை மறிச்சு வைச்சிருந்தனீர் எண்டு விசாரணை."

"எங்கை வைச்சிருந்தனீங்கள்?" என்று ஹனீபா நானா கேட்டார். அவர் எங்கள் கடையை அடுத்திருந்த தையற்காரர். அப்போதுதான் அளவு நாடாவுடன் வந்திருந்தார்.

"பொக்கற்றுக்கை" என்றார் கார்ட், சிரிக்காமல்.

செப்டெம்பர் முதலாந் திகதி அவர் மறுபடியும் மலைக்குப் போக வேண்டும். இன்னொரு முறை குறிப்பேடு வாசிக்க முடியாமற் போனால், மருத்துவச் சபையின் முன் நிறுத்தி, வேலைக்கு உதவாதவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படிக்கிற பெண்பிள்ளைகள் இருவர் அவருக்கு இருந்தனர்.

"அதுதான் கறண்டிலை சூடேறுற சட்டை ஒண்டு செய்து தருவியளோ எண்டு கேக்க வந்தனான்" என்றார்.

2. வசதியான சூடு

சட்டையின் அமைப்பு எளிது. தடித்த பிளனல் துணி இரண்டு மடிப்பு. இடையில், துணி தேய்க்கும் பழைய மின்னழுத்தியிலிருந்து எடுத்த நிக்குரோம் கம்பி, நூற்குழாய்க்குள் செலுத்தப்பட்டு, நெஞ்சிலும் முதுகிலும் வளைந்து வளைந்து ஓடும். றெயிலில் கார்ட் இருக்கும் பெட்டியின் தரையில், ஒரு மரப்பெட்டிக்குள் பன்னிரண்டு வோல்ற் பற்றரி. அதிலிருந்து ஒரு வயர். நெஞ்சில் சுவிச்.

முதற் சட்டையைச் செல்லத்துரை ஐயாவே போட்டுப் பார்த்தார். நேரம் நண்பகல். இரண்டு நிமிடத்தில் அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை வடிந்தது.

"ஐயோ, இது மெத்தச் சூடு. மனிசன் அவிஞ்சுபோவான்."

கம்பியை இரண்டு முழம் கூட்டினார். கம்பி நீண்டால் கறண்ட் குறையும், சூடும் குறையும். இதை நான் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மறுநாளும் நண்பகலில் போட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு முழம் கூட்டினார். இவ்வாறு நான்கு நாட்கள் சென்றன. ஐந்தாம் நாள் சட்டை அவருக்கு மிகவும் வசதியாக இருந்தது. வவுனியாவில், ஓகஸ்ட் மாதத்து நண்பகலில், பிளனல் சட்டைக்குள் ஒரு மனிதர் வசதியாக இருக்க வேண்டுமானால் அந்தச் சட்டை எவ்வளவு சூட்டைத் தரலாம் என்பதை எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஹனீபா நானா தம் பங்குக்கு, காற்று வருவதற்கென்று முதுகில் இரண்டு பிளவுகள் வைத்தார். "காத்துப் போகாத சட்டையை என்ட வாழ்க்கையில நான் தைச்சதில்ல, தங்கச்சி" என்றார்.

"பிள்ளை, மலைநாட்டுக்கு இது காணுமோ?" என்று செல்லத்துரை ஐயா என்னிடம் கேட்டார்.

"காணும் ஐயா, போதும்" என்றேன்.

அதன்பின் என் மேசைக்குச் சென்று, 'சூட்டுச் சட்டையைப் பாவிக்கும் முறை' என்ற தலைப்பில் பதினெட்டு விதிகள் எழுதினேன். முதலாம் விதி: பொத்தான்களை மேலிருந்து கீழாக முறையே பூட்டுக. மூன்றாம் விதி: பெருவிரலால் சுவிச்சை மேனோக்கி மெல்லத் தள்ளுக. பதினோராம் விதி: இருக்கையைவிட்டு எழுமுன் வயரைக் கழற்ற மறவற்க. 'மறவற்க' என்பதில் எனக்குத் தனிப்பட்ட திருப்தி இருந்தது.

3. ஐஸ் லொறி

ஓகஸ்ட் 24, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மீனுக்காக முல்லைத்தீவுக்கு ஐஸ் கொண்டுபோகும் லொறியொன்று பற்றரி மாற்ற எங்கள் கடையில் நின்றது. பெட்டி நிறைய ஐஸ் கட்டிகள். உருகாமலிருக்க மேலே உமி. அதற்குள் இருந்து சட்டையைச் சோதிக்கலாம் என்ற யோசனை கார்ட்டினுடையது. சட்டையைப் போட்டுக்கொண்டு, பற்றரியுடனும் குறிப்பேட்டுடனும் ஏறி அமர்ந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி லொறியின் பின்னால் நின்றேன்.

இருபது நிமிடம் கழித்து, "எப்பிடி இருக்கு?" என்று செல்லத்துரை ஐயா கேட்டார்.

"பரவாயில்லை. நல்லாத்தான் கிடக்கு" என்றார் கார்ட். உதடுகள் நீலமாக இருந்தன. பிறர் தமக்காகப் பாடுபட்டுச் செய்த பொருளைக் குறைகூறத் தெரியாத மனிதர் அவர்.

"கார்ட் ஐயா, சோதனைக்கு நாலு நாற்பது எண்டு எழுதுங்கோ" என்றேன்.

எழுதினார். வாங்கிப் பார்த்தேன். 9.90 என்றிருந்தது. உலகில் எந்த மணிக்கூடும் காட்டாத நேரம்.

அவர் சுவிச்சை நிறுத்த முயன்றார், பெருவிரல் வளையவில்லை. பொத்தான்களைக் கழற்ற முயன்றார், முடியவில்லை. ஹனீபா நானா ஏறி, குழந்தைக்குக் கழற்றுவதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். கார்ட் தலையைக் குனிந்துகொண்டார். போகும் திகதிக்கு இன்னும் எட்டு நாட்கள் இருந்தன.

"அந்தச் சட்டையைத் தாருங்கோ" என்று சொல்லிவிட்டு நான் லொறியில் ஏறினேன்.

"பிள்ளை, இறங்கும். கொப்பர் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"வேலை செய்யிறன் எண்டு சொல்லுங்கோ."

கடைத்தெரு முழுவதும் பார்த்தது. என் பதினெட்டு விதிகளை மடியில் வைத்துக்கொண்டு ஐஸ் கட்டியொன்றின் மேல் இரு கைகளையும் வைத்தேன். பத்து நிமிடத்தின் பின் விதிப்படி இயங்கத் தொடங்கினேன். முதலாம் விதியிலேயே தோற்றேன். முதுகிலிருந்த பிளவுகள் வழியே குளிர் ஒழுங்காக வந்து போயிற்று. நெஞ்சில் ஓடிய கம்பியின் சூடு, யாரோ தொலைவிலிருந்து சுகம் விசாரிப்பதுபோல் இருந்தது.

இறங்கி நின்று, "ஐயா, எனக்குக் குளிர் தெரியாது" என்றேன்.

"இரண்டு வருசமா அங்கைதானே இருக்கிறீர்?"

"பேராதனையில் ஒரு சால்வை காணும். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். மன்னியுங்கோ. கார்ட் ஐயா, நீங்களும் மன்னியுங்கோ."

கார்ட் என்னுடைய விறைத்த விரல்களைப் பார்த்தார். "இப்பத் தெரியுமெல்லோ" என்றார்.

4. கழற்றியவை

அன்று மாலையே அந்தச் சட்டையைப் பிரித்தோம். நெஞ்சை நாங்கள் சூடாக்கிக்கொண்டிருந்தோம். அவரோ விரலால் எழுதப் போகிறவர். கடைக்கு வந்த அன்றே அவர் சொன்னது அதுதான். சட்டை என்ற சொல்லைக் கேட்டதும் மூவரும் நெஞ்சைத்தான் நினைத்திருக்கிறோம்.

கூட்டிய கம்பி முழுவதையும் வெட்டியெடுத்தோம். மிஞ்சியதைக் கைகள் வழியாகக் கொண்டுபோய், மணிக்கட்டிலும் புறங்கையிலும் சுற்றினோம். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும் அரைக் கையுறைகளைச் சட்டைக் கையுடன் சேர்த்துத் தைத்தார் ஹனீபா நானா. முதுகுப் பிளவுகளை மனவருத்தத்துடன் மூடினார். பொத்தான்களுக்குப் பதிலாக, இரு உள்ளங்கைகளாலும் இழுத்துச் செருகக்கூடிய பெரிய மரக்கொழுக்கிகள்.

வயர்தான் தீராத தொல்லையாக இருந்தது. நிலையம் வந்ததும் கொடி காட்ட எழ வேண்டியவரைப் பற்றரியுடன் கட்டி வைத்திருந்தோம்.

"பிரஸ் பட்டன் வைப்பமே" என்றார் ஹனீபா நானா. "பித்தளைதானே. கறண்ட் போகாதா?"

"நானா, இது பிள்ளையளின்ர கவுணோ?" என்றார் செல்லத்துரை ஐயா.

"கவுணில பூட்டுற பட்டனைக் கை விறைச்ச ஆளும் பூட்டலாம், ஐயா. இழுத்தாக் கழரும். உங்கட பிளக்கு கழருமா?"

செல்லத்துரை ஐயா பித்தளைப் பட்டன் இரண்டை எடுத்து, வயரில் இணைத்து, மீற்றரை வைத்துப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். "போகுது" என்றார், தோற்றவரின் குரலில். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிப் பியூஸ் எரியாதபடி, நான்கு அங்குல இடைவெளி விட்டு, பற்றரி வயரின் நுனியில் ஒரு தோற்பட்டியில் அவற்றைப் பதித்து, மறுபாதிகளைச் சட்டை விளிம்பில் தைத்தோம். எந்தப் பட்டனை எதில் பூட்டினாலும் சூடு வரும். எழுந்தால் தானாகக் கழலும். ஆகவே சுவிச்சும் தேவையற்றதாயிற்று.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் என் விதிகளில் ஒன்றோ இரண்டோ வீழ்ந்தன.

"உம்மை எழுதத்தான் வைச்சனான். நீர் வெட்டிக்கொண்டிருக்கிறீர்" என்று செல்லத்துரை ஐயா குறைப்பட்டார்.

வியாழக்கிழமை அதே லொறி மறுபடியும் வந்தது. இருபது நிமிடம் ஐஸில் இருந்தபின் கார்ட் 4.40 என்று எழுதினார். பின்பு, நான் கேளாமலே, அதன்கீழ் தம்முடைய முழுப் பெயரையும் எழுதி ஒரு கோடும் இழுத்தார். பதினெட்டு விதிகளில் ஒன்றே எஞ்சியிருந்தது: அமர்ந்ததும் பட்டனைப் பூட்டுக. 'மறவற்க' போய்விட்டது.

5. பலகை

செப்டெம்பர் 18ஆந் திகதி, புதன்கிழமை, தபாலட்டை வந்தது. கார்ட் பழக்கத்தின்படி மேலே இடமும் நேரமும் குறித்திருந்தார்: நானுஓயா, 4.40. ஒவ்வோர் எழுத்தும் தெளிவு. குறிப்பேட்டைப் பரிசோதித்த அதிகாரி ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த இலாகாவில் அதற்குமேற் பாராட்டு இல்லையாம். 'பிள்ளை தந்த விதித்தாள் எங்கோ தவறிவிட்டது. அதனால் ஒரு குறையும் ஏற்படவில்லை' என்று முடித்திருந்தார். நான் எழுதியவற்றுக்கு இதுவரை கிடைத்த மதிப்புரைகளில் இதையே உயர்வாகக் கருதுகிறேன்.

செல்லத்துரை ஐயா அட்டையைத் தெருவுக்கே வாசித்துக் காட்டினார். மாலைக்குள் கடைப் பலகையில் புதிதாக இரண்டு வரிகள் எழுதுவித்துவிட்டார்: 'சூட்டுச் சட்டைகள் செய்து கொடுக்கப்படும். மலைநாட்டுக் குளிர் நிபுணரால் வடிவமைக்கப்பட்டவை.'

"ஐயா, அது பொய்யெல்லோ?"

"ஐஸ் லொறிக்குள்ளை இருந்தனீர்தானே? இந்தப் பகுதியிலை வேறை ஆர் இருந்தது?"

அன்றைய தபாலிலேயே, கார்ட்டிடம் சட்டையைப் பார்த்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கரிடமிருந்து இரண்டாவது சட்டைக்கான கோரிக்கையும் வந்திருந்தது. அவர் தம்முடைய நெஞ்சளவை அனுப்பியிருந்தார்.

மறுநாட் காலை, ஆறரை மணிக்கு, கடை திறக்குமுன் மண்ணெண்ணெய்ப் போத்தலுடனும் பழந்துணியுடனும் போனேன். பெயின்ற் இன்னும் முழுதாகக் காயவில்லை. இரண்டாவது வரியை மட்டும் துடைத்தேன். பின்பு உள்ளே சென்று கையைக் கழுவி, மேசையில் அமர்ந்து கணக்கருக்கு ஒரு தபாலட்டை எழுதினேன். அதில் ஒரே கேள்விதான் இருந்தது: குளிரில் நீங்கள் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கிறது, எந்தக் கையால்?